கால் நீட்டும் சீட்

"பதினாலு மணி நேரப் பயணம். கால் நீட்டிப் படுக்கிற சீட்டை விட்டுட்டு, சாயக்கூட முடியாத கடைசி வரிசைக்கா போறீங்க?" மனைவி பல்லைக் கடித்தாள்.

"மெதுவாப் பேசு. எங்க மேனேஜர் ஏறினதைப் பார்த்தேன். மாமியார் தவறிட்டாங்கன்னு லீவு எடுத்தவர், காரியத்துக்குப் போறார்போல. நான் டைபாய்டுன்னு லீவு போட்டவன்," என்றார் கணக்காளர்.

விமானப் பணிப்பெண்ணிடம் கெஞ்சி, கழிவறையை ஒட்டிய சீட்டில் போய் ஒடுங்கினார். பக்கத்து சீட்டில் யாரோ தலை வரை போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார். விமானம் மேலே ஏறியதும், மூச்சு முட்டியதோ என்னவோ, போர்வை விலகியது. உள்ளே மேனேஜர்.

"சார், நீங்க முன்னாடிதானே இருந்தீங்க?"

"நீங்க ஏறினதைப் பார்த்தேன். அதான் இங்க வந்துட்டேன்."

"துக்கத்துக்குப் போறவர் ஏன் சார் ஒளியணும்?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "செத்துப்போனவங்க முன் சீட்டுல காலை நீட்டிப் படுத்திருக்காங்க. குடும்பத்தோட டூர்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் பெருமூச்சு வந்தது.

"வாங்க, நாமளும் போய்க் காலை நீட்டுவோம்," என்று எழுந்த மேனேஜர் சட்டென்று நின்றார். "ஆமா, டைபாய்டு எப்படி இருக்கு?"

"இப்பதான் விட்டுச்சு சார்."