பரீட்சைக்கு வராத குட்டி

சீன தேசத்து வயல் ஒன்றில், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்று நின்றது. தலைதெறிக்க ஓடிவந்த ஒரு முயல்குட்டி அதில் மோதி, கழுத்து முறிந்து செத்துப்போனது. வயல்காரன் அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டான். ருசி கண்டவன் மறுநாளே மண்வெட்டியைப் போட்டுவிட்டு, இன்னொரு முயல் வந்து மோதும் என்று கட்டையருகே உட்கார்ந்துவிட்டான். வயலில் களை மண்டியது.

வேலிப் புதருக்குள்ளிருந்து தாய்முயல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் இருக்கையில் குட்டி விழுந்த இடத்துக்கு எப்படிப் போவாள்?

ஒருநாள் பள்ளிக்கூடத்து மைனா பறந்து வந்தது.

"அக்கா, சங்கதி தெரியுமா? உங்க வீட்டுக் கதை பழமொழி ஆயிடுச்சு! பாடப் புத்தகத்துல இங்கிலீஷுல அர்த்தம்கூடப் போட்டிருக்கு. பிள்ளைங்க மனப்பாடம் பண்ணுதுங்க."

தாய்முயல் கண்ணை மூடிக் கும்பிட்டாள். "சாமி, என் பிள்ளையை நீ மறக்கலையே! அவனைப் பத்தி என்னம்மா போட்டிருக்கு?"

"வேலை செய்யாம அதிர்ஷ்டம் வரும்னு உட்கார்ந்திருக்கிற முட்டாளைச் சொல்றதாம்."

"அது அந்த ஆளைப் பத்தி. என் பிள்ளையைப் பத்தி?"

"முயல்னு ஒரு வார்த்தை வருது, அக்கா."

"மழை வருது, வந்துடுடான்னு நான்தான் கூப்பிட்டேன். அதுக்குத்தான் அப்படி ஓடிவந்தான். அது போட்டிருக்கா?"

"அதெல்லாம் பரீட்சைக்கு வராது, அக்கா."

அன்று சாயங்காலம், ஊரார் கேலி தாங்காமல் வயல்காரன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் தாய்முயல் போய் உட்கார்ந்தாள்.