கடைசி வளைவுச் சுண்ணாம்பு

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் கார்ப் பந்தயம். போன வருடப் பந்தயத்தில் ஒரு துரை காரோடு பள்ளத்தில் விழுந்து செத்த கடைசி வளைவில், ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது சடையனின் வேலை. அடித்துவிட்டுத் திரும்பினால் ஈரச் சுண்ணாம்பில் டயர் தடம் இருக்கும். அது பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும். கீழே தேயிலையில் ஓர் இலைகூடக் கசங்கியிருக்காது.

“இன்னைக்கும் அரைப்பேருதான்” என்று பாதிக் கூலியோடு நிறுத்தினார், தோட்டத்தில் வேலை பார்வையிடும் கண்டாக்கு.

“அடிச்சு முடிச்சிட்டேங்கய்யா. காரு ஏறிருச்சுங்க.”

“பாதைய மூடி வச்சிருக்கு. எந்தக் காருடா?”

சனிக்கிழமை வளைவுக்கு மேலும் கீழும் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை, மிலாறைக் குவித்து வழியை அடைத்தான். சுண்ணாம்பு அடித்தான். அடித்த மட்டையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தால், மறுபடியும் தடம்.

“போனவரு போயிட வேண்டியதுதானே! ஏன்யா என் பொழப்புல மண்ணப் போடுறீங்க?” என்று பள்ளத்தைப் பார்த்துக் கத்தி, வாளியை உதைத்தான். சுண்ணாம்பு பாதையெங்கும் கொட்டியது.

வேறு சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்தபோது, பள்ளத்திலிருந்து ஒரு தடம் ஏறி வந்திருந்தது. கொட்டிய சுண்ணாம்பை மிதித்து, மிலாறில் ஒரு குச்சியும் முறியாமல், மேலே போயிருந்தது.

இதையெல்லாம் எவன் கழுவுவது என்று திட்டிக்கொண்டே சடையன் தடத்தோடு ஏறினான். பந்தயம் முடியும் கோட்டைத் தாண்டி, ஒரு கார் நீளத்தில் தடம் நின்றிருந்தது. அதற்கப்பால் பாதை சுத்தமாக இருந்தது.