காயாத கட்டில்

“தொடாதீங்க! இப்பத்தான் உடம்பெல்லாம் துடைச்சு வுட்டிருக்கேன்!”

சுப்பிரமணி போட்ட கூச்சலில் அண்ணாமலையே அரை அடி நகர்ந்திருக்கும். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய அவர் வீட்டு வாசலில், வெள்ளை வேட்டி மூடி நீட்டமாக ஏதோ கிடந்தது. பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள். “என்ன வயசுங்க?” என்று ஒருவர் துக்கம் விசாரித்தார். காவி கட்டிய ஒருவர் சங்கையே கையில் எடுத்துவிட்டார்.

“யோவ், கட்டில்யா அது! பாலிஷ் போட்டிருக்கேன். தூசி வுழக்கூடாதுன்னு குச்சி நட்டு வேட்டி கட்டியிருக்கேன். நடங்க, நடங்க!”

ரிட்டையரான பிறகு தன் கையாலேயே அறுத்து, இழைத்துச் செய்த வேப்பங்கட்டில். ஒரு கால் மட்டும் லேசாகச் சாய்ந்து செங்கம் ஊர்ப் பக்கம் போகப் பார்க்கும்; மற்றபடி ராஜா படுக்கலாம். டவுனில் மதார் சாகிப் பெயிண்ட் கடைக்குப் புதிதாக வந்த பி.யூ. பாலிஷைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் துடைத்துவிட்டால் போதும், பிரஷ்ஷே வேண்டாம், ஒரே நாளில் கண்ணாடி மாதிரி காய்ந்துவிடும் என்றார்கள்.

காயவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி துடைத்தார். அப்போதும் காயவில்லை. உட்கார்ந்த ஈ எழுந்திருக்கவில்லை. ஒட்டிக்கொண்ட காக்கா ஒன்று கட்டிலோடு பறந்து, கனம் தாங்காமல் இறக்கிவைத்ததாகத் தெருவே சத்தியம் செய்யும்.

இத்தனைக்கும் செய்முறையில் ஒரு குறை கிடையாது. சரக்கு அடியில் தங்கிவிடக்கூடாதென்று, ஒவ்வொரு தடவையும் மனைவி தனமே டப்பாவை உள்ளே எடுத்துப்போய், பக்குவமாகக் கலக்கிக் கொண்டுவந்து கொடுப்பாள். “உங்களுக்கு அவ்ளோ பொறுமை ஏது?” என்பாள்.

விஷயம் வெறும் கட்டிலோடு போகவில்லை. போன பௌர்ணமிக்கு வந்த அக்கா புருஷன் ராமன், சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு ஒரு சபதம் போட்டிருந்தார்.

“இது மட்டும் காயட்டும் மச்சான், செய்யாத்து வூட்டை வாடகைக்கு வுட்டுட்டு இங்கயே வந்துடறேன். தினம் மலை சுத்தறது, மூணு வேளையும் தனம் சமையலு, ராவானா இந்தக் கட்டிலு. கொழம்புல உப்புதான் ஜாஸ்தி. கூடவே இருந்து திருத்திடறேன். அடுத்த பௌர்ணமிக்கும் காயலன்னு வையி, நீ செஞ்சது வெறவுன்னு ஊரெல்லாம் சொல்லுவேன்!”

“வாங்கண்ணா, உங்க வூடுதானே” என்றாள் தனம்.

அதிலிருந்து தினமும் செய்யாற்றிலிருந்து மாமாவின் எஸ்.டி.டி. போன் வரும். “காஞ்சிச்சா மச்சான்?” “நாளைக்குக் காஞ்சிடும் மாமா.” சுப்பிரமணிக்குச் சோறு இறங்கவில்லை.

இதோ, மாமா பையோடு வந்தேவிட்டார். “காஞ்சிருக்கும், வுடு” என்று வேட்டியை விலக்கி மல்லாந்தார். அவ்வளவுதான். கிரிவலக் கூட்டத்தில் எட்டுப் பேர் “அரோகரா” சொல்லி இழுத்ததில் மாமா வந்தார், சட்டை வரவில்லை.

“இது ஜென்மத்துக்கும் காயாது! நான் செய்யாத்துலயே கெடந்துக்கறேன்!” என்று பனியனோடு பஸ் ஏறினார்.

மானம் போன ஆவேசத்தில் சுப்பிரமணி ஆட்டோ பிடித்து, மதார் சாகிப்பைக் கடையிலிருந்து கையோடு அழைத்துவந்தார்.

“பாருங்க பாய்! ஒண்ணு பாலிஷ் மோசம், இல்ல நான் மோசம். இப்பவே சொல்லுங்க. இல்லாட்டி கட்டிலைத் தூக்கியாந்து உங்க கடை வாசல்ல போட்டுடுவேன்!”

மதார் சாகிப் குனிந்து ஒரு விரலால் தொட்டார். விரலை மோந்து பார்த்தார். கதவோரம் நின்ற தனத்தை ஒரு தடவை பார்த்தார். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“சார்” என்றார் பெருமூச்சோடு. “பாலிஷும் சுத்தம், உங்க வேலையும் சுத்தம். இந்த மலை யாரு? அக்கினியாச்சே! அந்தச் சூட்டுக்கு நேரா வச்சா எந்தப் பாலிஷும் இளகிக்கினுதான் நிக்கும்.”

சுப்பிரமணியின் முகத்தில் கார்த்திகை தீபமே ஏறிவிட்டது. “அப்படிப் போடுங்க! என் கட்டிலுக்கு அண்ணாமலையாரே போட்டியா!” என்று கூவியபடி, போகிற பக்தர்களிடமெல்லாம் சொல்ல ரோட்டுக்கு ஓடினார்.

மதார் சாகிப் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, தனத்திடம் குரலைத் தாழ்த்தினார்.

“டப்பாவுக்கு எவ்ளோ வெளக்கெண்ணெய்னு சொல்லுங்கம்மா, எங்க மச்சானும் வந்து தங்கறேன்னு சொல்லிக்கினு இருக்காரு.”