அழிப்புக் கூடம்

"அண்ணா, அதை மட்டும் மெஷின்ல போட்டுடாதீங்க!"

தடுப்புக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே அந்தப் பெண் கத்தினாள். உள்ளே அரவை இயந்திரத்தின் முன் நின்றவர் கையிலிருந்த லேப்டாப்பைப் பார்த்தார். அதன் மூடியில் ஒரு பூனை ஸ்டிக்கர் பாதி உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

கம்பெனிகள் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்கள் வந்து சேரும் கூடம் அது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தூளாக்கிவிட்டு, மிச்சத்தைத் தகரம், செம்பு, பிளாஸ்டிக் என்று பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். தங்கள் ரகசியம் ஒழிந்ததைக் கண்ணாரப் பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் அந்தக் கண்ணாடி. இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கு அங்கே 'பூட்டு' என்று பெயர். யார் வைத்தார்களோ, ஆளுக்கு அப்படியே பொருந்தியது.

"என்னம்மா விஷயம்?"

"அது என் வீட்டுக்காரரோட ஆபீஸ் லேப்டாப்ண்ணா. அவர் தவறினதும் திருப்பி வாங்கிட்டாங்க. கேட்டா, இங்க அனுப்பிட்டோம்கிறாங்க. வெளியூர் போறப்பல்லாம் எங்க பொண்ணுக்குக் கதை சொல்லி அதுல பதிஞ்சு வச்சிட்டு, வந்து போட்டுக் காட்டுவார். இப்ப அவ, 'அப்பா குரல் எப்படிம்மா இருக்கும்'னு கேக்கறா. எனக்கே..."

அழுதபடியே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனிப் பொருள்மா. வெளிய குடுக்க முடியாது."

சொல்லும்போதே பூட்டின் உதட்டோரம் ஒரு சிரிப்பு. அது அவள் கண்ணில் பட்டது. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே.

"ஆபீஸ்ல போய் அனுமதி வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஓரமா வைங்க, போதும்."

அப்படி ஓரமாக வைப்பதற்கென்றே பின்னால் ஒரு அலமாரி இருந்தது. பூட்டு அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. திருகாணிகளை மளமளவென்று கழற்றினார். டிஸ்கை உருவினார். இயந்திரத்தின் வாயில் போட்டார். கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி அவள் கேட்டாள்: "அந்தத் தூளையாவது குடுங்கண்ணா."

"தூளும் வெளிய போகக் கூடாதும்மா. தண்ணி ஏதாவது குடிக்கிறீங்களா?"

அவள் திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். இப்படியும் ஒரு கல்நெஞ்சக்காரனா என்றுதான் யாருக்கும் தோன்றும். அவரோ கையுறையைக் கழற்றிக்கொண்டு, உற்சாகமாக மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

"சார், இந்தத் தடவையும் நான் பாஸ்தானே?"

"எதுலப்பா?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க சார். நான் இரக்கப்பட்டு ஏமாறுறேனான்னு பாக்க, அப்பப்ப ஆள் செட் பண்ணி அனுப்புவீங்களே! போன தடவை, செத்துப்போன அம்மா போட்டோ வேணும்னு ஒருத்தர் வந்தார். அவரைவிட இந்தம்மா எவ்வளவோ மேல். என்ன அழுகை! தூளையாவது குடுங்கன்னாங்க பாருங்க, நானே ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன். நடிப்புன்னு தெரிஞ்சதால தாக்குப்பிடிச்சேன்."

மேனேஜர் முகத்தில் குழப்பம்.

"இந்தத் தடவை நான் யாரையும் அனுப்பலையேப்பா."