அஞ்சு மணி பேக்கப்

"டாக்டரம்மா, நான் போனதுக்கப்புறம் யாரோ என் கம்ப்யூட்டரைத் தொடறாங்க!"

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பதால் டாக்டரிலிருந்து நோயாளி வரை எல்லாருக்கும் அவள் டோக்கன் அக்கா. காலை ஒன்பது மணிக்கே குரல் உச்சத்தில் இருந்தது.

"எப்படிச் சொல்றீங்க அக்கா?"

"சாயங்காலம் துண்டு போட்டு மூடி, கயித்தால ரெண்டு முடிச்சு போட்டுட்டுப் போறேன். காலையில வந்தா ஒரே முடிச்சு. ஒரு மாசமா இதே கதை. எனக்குத் தலையே சுத்துது."

டாக்டரம்மாவின் பார்வை கண்ணாடிக்காரர் பக்கம் போனது. ஐந்து மணிக்கு மேலும் மூலையில் உட்கார்ந்து ஃபிரேமில் லென்ஸ் மாட்டுகிறவர் அவர் ஒருவர்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஆசாமி.

"நீங்களா?"

"ஆமா டாக்டர்."

"எதுக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "சும்மா... சீட்டு விளையாட."

காத்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் டாக்டரம்மா அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "இனிமே அது பக்கம் கை போச்சுன்னா, வேற இடம் பார்த்துக்குங்க!"

அக்காவுக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. கூடவே ஒரு குழப்பம். சீட்டாட வந்த மனுஷன், ஆடி முடித்ததும் எதற்கு மறுபடி துண்டைக் கட்டிவைக்க வேண்டும்?

யோசித்துக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி இங்கிலீஷ். அவ்வளவுதான். அணைத்து மறுபடி போட்டாள். அதே இரண்டு வரி.

பன்னிரண்டு வருஷத்து நோட்டுகளை ஆறு மாசம் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டி ஏற்றியிருந்தாள். யாருக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன், யாருக்கு எந்தச் சொட்டு மருந்து ஆகாது, எல்லாம் அதற்குள். நோட்டுகளோ பழைய பேப்பருக்குப் போயாயிற்று. 'ஒரு பேர் தொலைஞ்சாலும் வேற ஆள் பார்த்துக்குவேன்' என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

போன் போட்டதும் கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார்.

"டிஸ்க் உயிரை விட்டுடுச்சு அக்கா. வயசாயிடுச்சு, யார் தப்பும் இல்ல. பேக்கப் இருக்குல்ல?"

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரைக் காட்டினாள். கம்ப்யூட்டர் வந்த அன்று மெக்கானிக் போனில் சொல்லச் சொல்ல, டாக்டரம்மா தன் கைப்பட எழுதி ஒட்டிய காகிதம்: 'சுவிட்சை நேராக அணைக்கக் கூடாது. பக்கத்தில் டீ வைக்கக் கூடாது. தெரியாத மெயிலைத் திறக்கக் கூடாது. தினமும் ஐந்து மணிக்கு பேக்கப்.'

"ஒரு நாள்கூடத் தவறினதில்ல."

"சபாஷ். குடுங்க."

அக்கா துண்டையும் கயிற்றையும் எடுத்து நீட்டினாள்.

மெக்கானிக் துண்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "என்னக்கா இது?"

"பேக்கப். ஒயரைச் சுருட்டி, மூடி, கட்டி வெச்சிட்டுத்தானே போறேன்?"

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இது ஷூட்டிங் முடிஞ்சா சொல்ற பேக்கப் இல்லக்கா. உள்ள இருக்கறதை எல்லாம் தினமும் பென் டிரைவ்ல இன்னொரு காப்பி எடுக்கணும். நீங்க கட்டினது வெறும் மூட்டை!"

அக்காவுக்குக் கண்ணைக் கட்டியது. உள்ளே டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. போச்சு, வேலை போச்சு.

"அக்கா." கண்ணாடிக்காரர் வந்து நின்றார். கையில் ஒரு பென் டிரைவ். "உங்க மேஜைக்கடியில கிடந்தது. பேக்கப் எடுத்துட்டுக் கீழ போட்டுட்டீங்க போல."

"என்னோடதா? அண்ணா, நான் எப்போ..."

இவர் அவளை அக்கா என்பார், அவள் இவரை அண்ணா என்பாள். யார் மூத்தவர் என்பது இன்னும் முடிவாகவில்லை.

மெக்கானிக் அதைத் தன் லேப்டாப்பில் செருகினார். டாக்டரம்மா வெளியே வரவும் அவர் சொல்லவும் சரியாக இருந்தது. "நேத்து சாயங்காலம் வரைக்கும் எல்லாம் இருக்கு! ஒண்ணும் போகல."

"எங்க அக்கான்னா அக்காதான்!" டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். கண்ணாடிக்காரரிடம் திரும்பினார். "நீங்களும் இருக்கீங்களே, சீட்டாடிக்கிட்டு!"

"தப்புதான் டாக்டர்."

"சீட்டா?" மெக்கானிக் நிமிர்ந்தார். "இதுல ஏதுங்க சீட்டாட்டம்? நான் எந்த விளையாட்டும் போட்டுக் குடுக்கலையே!"

கண்ணாடிக்காரர் அவரை முறைத்தார். அக்காவுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலையும் தங்கும்.

எழுந்து நின்றாள். நோயாளிகள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"டாக்டரம்மா, காப்பி எடுத்தது நான் இல்ல, இவரு. நான் பேக்கப்னா துண்டு போட்டு மூடறதுன்னு நெனச்சு, தினமும் மூட்டைதான் கட்டினேன். காலையில அந்தத் திட்டு எனக்கு வந்திருக்கணும்."

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். "எனக்கே என் பொண்ணு சொல்லித்தான் தெரியும் டாக்டர். வெளிய சொன்னா அக்காவை எல்லாரும் சிரிப்பாங்களேன்னு..."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா சுவரில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெக்கானிக்கை ஓரமாகக் கூப்பிட்டார். காலையில் தெருவுக்கே கேட்ட குரல் இப்போது பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சாயங்காலம் எங்க வீட்டுக்குக் கொஞ்சம் வர முடியுமா? அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு... நானும் தினமும் போர்வை போட்டுத்தான் பேக்கப் பண்றேன்."