எதிரே உட்கார ஓர் ஆள்

"அசையாம இரியும் அண்ணாச்சி. மூக்குக்கு மட்டும் உயிரு வந்திட்டா முடிஞ்சு" என்று பிரஷ்ஷும் கையுமாகக் கெஞ்சினான் குமாரதாஸ்.

ததேயுஸ் அசையவில்லை. தன் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, பெட்டிக்குள் கிடந்த பாச்சை உருண்டை வாசனையோடு உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்குத் தபால் பஸ். அதில் படம் ஏறாவிட்டால் டில்லிப் போட்டியின் கெடு தப்பிவிடும். இத்தனை காலம் எண்ணெய்ச் சாயப் படத்துக்கு உட்கார்ந்தவர்கள் ராஜாக்களும் திவான்களும்தான். சுதந்திரம் வந்து எட்டு வருஷமாச்சு, இனி கட்டுமரக்காரனும் உட்காரலாம் என்று தேசிய உருவப்படப் பரிசு அறிவித்திருந்தார்கள். ஒரே நிபந்தனை. ஆளை உயிரோடு எதிரே உட்காரவைத்து எழுத வேண்டும். முடிந்ததும் அந்த ஆளே விண்ணப்பத் தாளில் கைநாட்டு வைக்க வேண்டும்.

அங்கேதான் குமாரதாஸுக்கு இடித்தது. அவன் எழுதுவது சாவுப்படம். கோட்டு, நாற்காலி, பூச்சாடி எல்லாம் முன்கூட்டியே எழுதி அடுக்கி வைத்திருப்பான். ஆள் போன செய்தி வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடி, முகத்தை மட்டும் பொருத்துவான். கல்யாணப் பந்தியில் அவன் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்துவிடுவார்.

உயிரோடு அவன் முன்னால் உட்கார்ந்த ஒரே ஆள், ததேயுஸின் மனைவி குளோரி. படத்தின் மூலையில் அவன் தன் பெயரை எழுதிய மூன்றாம் நாள், காய்ச்சலில் போய்விட்டாள். அவன் பிரஷ் பட்டால் ஆயுசு முடிந்தது என்று ஊர் முடிவுகட்டியது.

டில்லியில் பரிசு வாங்கினால் ஒழிய அந்தக் கெட்ட பெயர் போகாது. ஆள் தேடித் தக்கலைவரை அலைந்தான். சுசீந்திரம் தேரடியில் பிச்சைக்காரர்கூடத் தட்டை விட்டுவிட்டு ஓடினார்.

அப்போதுதான் ததேயுஸ் தானாக வந்தார். "நான் இருக்கேன் மக்கா. குளோரி இருந்த நாற்காலி கெடக்கா?"

குமாரதாஸ் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தான். மனைவியைப் பறிகொடுத்தவரே தன்னை மன்னித்துவிட்டாரே!

இதோ, மூக்கும் முடிந்தது. மூலையில் தன் பெயரை எழுதினான்.

"பேரு எழுதியாச்சா?" என்றார் ததேயுஸ்.

"எழுதியாச்சு அண்ணாச்சி."

ததேயுஸ் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

ஈரம் கலையாமல் படத்தை மரப்பெட்டிக்குள் இறக்கி ஆணியடித்துவிட்டு, தாளோடு திரும்பினான் குமாரதாஸ். "அண்ணாச்சி, கைநாட்டு."

ததேயுஸின் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி!"

தெருமுக்கில் பஸ் ஹாரன் அடித்தது. குமாரதாஸுக்குப் பரிசும் போச்சு, பெயரும் போச்சு. இனிமேல் சுவருக்கு வெள்ளையடிக்கக்கூட ஒருவரும் கூப்பிடப்போவதில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவன் முதலில் பார்த்தது ததேயுஸின் மூச்சை அல்ல, கட்டைவிரலை. கடவுளிடம் ஒரு மன்னிப்புக் கேட்டு, மைப்பெட்டியைத் திறந்துகொண்டு, அந்த விரலைப் பிடித்தான்.

விரல் சூடாக இருந்தது. ததேயுஸ் ஒரு கண்ணைத் திறந்தார்.

"உயிரோட இருக்கீரா!" குமாரதாஸ் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், சிரித்தான். "பரிசு கெடக்கட்டும் அண்ணாச்சி! ஊரு வாய அடச்சிட்டீரே, அது போதும்!"

ததேயுஸ் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். காலை அசைத்துப் பார்த்தார். பிறகு தானே விரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"குளோரிக்கு மூணு நாளு ஆச்சு. எனக்கும் அம்புட்டுதான ஆவும், மக்கா?"