இரண்டாவது மவுஸ்

“பாருங்க, மறுபடியும் நகருது,” என்றாள் அவள். இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள். திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்துபோய் வலது மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தொட்டது. பாதி முடித்திருந்த அலுவலக அறிக்கை மூடிக்கொண்டது.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்தவர், வைரஸ் எதுவும் இல்லை என்று சற்றுமுன்தான் அடித்துச் சொல்லியிருந்தார். இப்போது கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள் அவள். இன்னொரு தடவை அறிக்கை தாமதமானால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். கணவனோ, செத்துப்போன அம்மாவுக்கு வேறு வேலையில்லையா என்று கேட்டுச் சிரிக்கிறான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. மாமியார் இருந்தவரை செய்த வேலை இதேதான். பின்னால் வந்து நின்று, தன்னுடைய சிவப்பு மவுஸால் அவள் வேலையை மூடிவிட்டு, “போதும் எழுந்திரு, நான் சீட்டு ஆடணும்” என்பார். அவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வருஷக்கணக்காக ஓடாமல் கிடந்து, சமீபத்தில் மாமனார் கைபட்டு ஓடத் தொடங்கியிருந்த சுவர்க்கடிகாரம் டிக் டிக் என்றது. மாமனார் சட்டைப் பைக்குள் விட்ட கையை எடுக்காமல் கதவோரம் நின்றிருந்தார்.

பழுதுபார்ப்பவர், அமைப்புகள் எல்லாம் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தார். கம்ப்யூட்டரின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது, கைதவறி ஒன்றை மாற்றினாலும் படுத்துவிடும் என்றார். அதனால் முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்துப் பத்திரப்படுத்தினார். பிறகு எதையும் தொடாமல், இணைத்த கருவிகளை இயக்கும் டிரைவர் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“ரெண்டு மவுஸ் இருக்கும்மா. ஒண்ணு உங்களுது. இன்னொண்ணு வயர் இல்லாதது. அதுவும் இன்னும் உயிரோடதான் இருக்கு.”

மாமனார் மெல்ல உள்ளே வந்து, பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். கையில் அந்தச் சிவப்பு மவுஸ்.

“எப்பவும் அவ கையிலயே இருந்த சாமான். தூக்கி உள்ள வைக்க மனசு வரலம்மா. அப்பப்ப தடவிக்கிட்டே இருப்பேன்,” என்றார், மாட்டிக்கொண்டவர் போல.

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இந்த மனிதரைத் தனியே விட்டுவிட்டு இல்லாத பேய்க்குப் பயந்துகொண்டிருந்தோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. “நீங்களே வச்சுக்குங்க மாமா,” என்றாள்.

பழுதுபார்ப்பவரும் சிரித்துவிட்டார். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கவே வேண்டாம், பேட்டரியைக் கழற்றினால் தொல்லை விட்டது என்று சொல்லி, மவுஸை வாங்கித் திருப்பி மூடியைத் திறந்தார்.

உள்ளே காலியாக இருந்தது.

மாமனார் சுவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அதை அவ போன மறுநாளே கழட்டி கடிகாரத்துல போட்டுட்டேனே.”